முப்பத்தைந்து டிகிரியில் ஒரு படி

கல்லூரியில் இயற்பியல் டெமான்ஸ்ட்ரேட்டராக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. ஐம்பதுகளின் கடைசி. மாநிலங்களைப் பிரித்தபோது எங்கள் சொந்த ஊர் தமிழ்நாட்டோடு போய்விட்டது. அப்பாவுக்கு செக்ரட்டேரியட்டில் வேலை என்பதால் நாங்கள் மட்டும் திருவனந்தபுரத்தில், ஸ்ரீவராகத்து வாடகை வீட்டிலேயே இருந்துவிட்டோம். காலையில் தூக்குப் பாத்திரத்தில் சோற்றை எடுத்துக்கொண்டு கிழக்கேகோட்டை வரை நடந்து பஸ் பிடிப்பேன். கல்லூரி வாசலில் இறங்கும்போதே ஆய்வகத்திலிருந்து வரும் ஸ்பிரிட் வாசனையும் அரக்கு வாசனையும் மூக்கில் ஏறிவிடும். இந்த வயதிலும் எங்காவது ஸ்பிரிட் வாசனை அடித்தால் என் கை தானாகப் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொள்கிறது.

அங்கே எனக்கு ஒரு தோழி கிடைத்தாள். லெக்சரர்; என்னைவிட நான்கு வயது மூத்தவள், மலையாளி. நான் சேச்சி என்று கூப்பிடுவேன். அவள் என்னோடு தமிழ் பேசுவதாக நினைத்துக்கொண்டு மலையாளம் பேசுவாள். நான் மலையாளம் பேசுவதாக நினைத்துக்கொண்டு தமிழ் பேசுவேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்காமல் போனதில்லை.

ஆராய்ச்சி செய்யவேண்டும் என்பது அவளுடைய ஆசை. துறைத் தலைவரான பேராசிரியர் பழைய சாமான்கள் போட்டிருந்த ஒரு அறையை ஒழித்துக் கொடுத்தார். காதுக்குக் கேட்காத அளவுக்கு அதிர்வு கூடிய ஒலியை எண்ணெய்க்குள் அனுப்பி, அது என்ன வேகத்தில் போகிறது என்று அளப்பதுதான் எங்கள் வேலை. ரேடியோ வால்வுகளை வைத்து சேச்சியே கருவியைக் கட்டினாள். எண்ணெய்க்கு எங்கேயும் போகவேண்டாம். சாலைக் கடைத்தெருவில் செக்கு எண்ணெய் நல்லதாகக் கிடைக்கும். வகுப்பு இல்லாத மணிநேரங்களிலெல்லாம் நாங்கள் அந்த அறையில்தான் இருந்தோம். ஒருத்தி திருகைத் திருப்புவாள், ஒருத்தி மீட்டர் முள் துள்ளுவதைப் பார்த்து எண்ணிக்கொண்டு வருவாள். பதினேழு, பதினெட்டு என்று வரும்போது யாராவது கதவைத் திறந்து "டீச்சர்" என்றால் எல்லாம் போயிற்று, முதலிலிருந்து எண்ணவேண்டும். மழைக்காலத்தில் வால்வுகளின் சூட்டுக்குப் பக்கத்தில் ஈரக்குடையை விரித்துக் காயவைத்துவிட்டு எண்ணுவோம்.

எண்ணெய் சூடாக ஆக ஒலியின் வேகம் குறையும். வரைபடத்தில் அது சரிந்து இறங்கும் ஒரு நேர்கோடாக வரவேண்டும். எங்களுக்கும் வந்தது, முப்பத்தைந்து டிகிரி வரை. அந்த இடத்தில் கோடு சட்டென்று ஒரு படி ஏறி, பிறகு மறுபடியும் சரிந்தது.

"எடீ, இதைப் பார்" என்றாள் சேச்சி. அவள் குரல் அடங்கிப் போயிருந்தது.

மறுநாள் செய்தோம், அதற்கடுத்த வாரம் செய்தோம். படி அதே இடத்தில் இருந்தது. எண்ணெயின் மூலக்கூறுகள் அந்தச் சூட்டில் தங்களை வேறு மாதிரி அடுக்கிக்கொள்கின்றன என்று சேச்சி எழுதினாள். பேராசிரியர் மூன்று முறை படித்துவிட்டு ஒரு சஞ்சிகைக்கு அனுப்பச் சொன்னார். வெளிநாட்டில் படிக்க ஸ்காலர்ஷிப்புக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். அதிலும் இந்தக் கட்டுரையைப் பற்றி எழுதினாள். இரண்டு பேரும் ஜிபிஓ வரை நடந்தே போய்த் தபாலில் சேர்த்தோம். வரும் வழியில் காப்பி குடித்தோம். பெண்கள் மட்டும் தனியாகக் காப்பிக் கடையில் உட்காருவது அன்றைக்குச் சாதாரண விஷயமில்லை.

மூன்று வாரம் கழித்து எனக்கு பி.யூ.சி. பிள்ளைகளின் பிராக்டிகல் வகுப்பு. உருகும் பனிக்கட்டியில் வெப்பமானியை வைத்துப் பூஜ்யம் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் பாடம். சோடாக் கடையிலிருந்து ஐஸ் வாங்கி, சாக்கில் சுற்றி வந்திருந்தது. ஒரு வெப்பமானி உடைந்துவிடவே, எங்கள் ஆராய்ச்சி மேஜையிலிருந்த ஒன்றை நானே எடுத்துவந்து ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். கம்பெனியிலிருந்து வெல்வெட் பெட்டியில் வந்தது அது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் எழுந்தாள். "டீச்சர், இது பூஜ்யம் அல்ல. ஒண்ணரை காட்டுது."

"கண்ணை நேரா வெச்சுப் பாரு" என்றேன்.

பார்த்தாள். "ஒண்ணரைதான் டீச்சர்."

"ஐஸை நல்லா இடிச்சியா? தண்ணி நிக்குது பாரு. உன் தப்பு அது. மறுபடி செய்."

அந்தப் பெண் புது ஐஸை எடுத்துத் துணியில் கட்டி, கல்லால் இடித்து நிரப்பினாள். விரல்கள் சிவந்துவிட்டன. பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் வெப்பமானியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறையும், "ஒண்ணரை" என்றாள். இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் ஆராய்ச்சியில் இரண்டு வெப்பமானிகள். நுணுக்கமான முதல் வெப்பமானி முப்பத்தைந்து டிகிரியோடு முடிந்துவிடும். அதற்கு மேலே போக நாங்கள் எடுத்தது அந்தப் பெண்ணின் கையில் இருந்த இதைத்தான். புதுசு என்று நம்பி அதை நாங்கள் ஒருநாளும் ஐஸில் வைத்துப் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணிடமிருந்து வெப்பமானியை வாங்கிக்கொண்டேன். நேராக ஆராய்ச்சி அறைக்குப் போனேன். சேச்சி வால்வு மாற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று அந்த நடையில் நினைக்காமல் இல்லை. யாருக்குத் தெரியப்போகிறது? கட்டுரை வரும், அவள் கப்பல் ஏறுவாள். ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்ததும், "எந்தா?" என்று கேட்டுவிட்டாள்.

சொன்னேன். அவள் வரைபடத்தை எடுத்துவைத்து, முப்பத்தைந்துக்கு மேலிருந்த புள்ளிகளையெல்லாம் ஒன்றரை டிகிரி தள்ளிப் பென்சிலால் குறித்துக்கொண்டே போனாள். ஸ்கேலை வைத்தாள். எல்லாப் புள்ளியும் ஒரே கோட்டில் உட்கார்ந்துவிட்டது.

"நீ பேப்பர் எடு" என்றாள். "கட்டுரையைத் திருப்பி வாங்கிக்கறோம்னு எழுது."

எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள். பேராசிரியர் கோபப்படுவார் என்று பயந்து போனோம். அவர் கடிதத்தைப் படித்துவிட்டு, "அச்சாகல இல்லையா? பிழைச்சோம்" என்று மட்டும் சொன்னார். ஆனால் அந்த வருஷம் சேச்சிக்கு ஸ்காலர்ஷிப் கிடைக்கவில்லை.

மறுநாள் வகுப்பில் அந்தப் பெண்ணை எழுப்பினேன். "நேத்து நீ சொன்னதுதான் சரி. தப்பு என்னோடது" என்றேன். அவள் என்ன செய்வதென்று தெரியாமல், "சாரமில்ல டீச்சர்", பரவாயில்லை என்று எனக்குச் சமாதானம் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் புதிதாக அளந்தோம். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், புன்னைக்காய் எண்ணெய். எட்டு மாதம். எதிலும் ஒரு அதிசயமும் இல்லை. ஆனாலும் என் வாழ்க்கையில் அத்தனை சந்தோஷமாக வேலை செய்த மாதங்கள் வேறு இல்லை. இரண்டு பக்கம்கூட வராத ஒரு கட்டுரை வெளிவந்தது, அவள் பெயரும் என் பெயரும் பக்கத்தில் பக்கத்தில். அதை வைத்து சேச்சிக்கு வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் இடம் கிடைத்தது.

தம்பானூர் ஸ்டேஷனில் வண்டி ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த நாலாவது வால்வு சீக்கிரம் போயிடும், மாத்திடு" என்றாள். வண்டி கிளம்பியது. பஸ்ஸில் யாராவது என் முகத்தைப் பார்த்துவிடுவார்களே என்று, ஸ்ரீவராகம் வரைக்கும் நடந்தே வீட்டுக்கு வந்தேன்.