செலுலோஸ் என்றால் ஓட்டோ பெயின்ட்தானே

எனக்குத் தெரிந்த செலுலோஸ் ஒன்றுதான். ஓட்டோவுக்கு அடிக்கிற பெயின்ட். இருபத்தாறு வருடமாகத் தின்னரில் கலக்கி அடிக்கிறேன். என் கைகள் வேளாண்மை வெட்டிய வயல் வட்டை மாதிரி வெடித்துக் கிடக்கின்றன.

அதைப் பார்த்துத்தான் பக்கத்து வளவு யசோதினி ஒரு போத்தல் கற்றாழை ஜெல் தந்தாள். மட்டக்களப்பில் பாமசி ஒன்றில் பதினொரு வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவள். புருசனுக்குக் கால் ஏலாமல் போனதும் வேலையை விட்டு, பழுகாமத்தில் வீட்டிலேயே ஜெல் செய்யத் தொடங்கினாள். எதையும் நிறுக்காமல் போடமாட்டாள். தேத்தண்ணிக்குச் சீனியையும் நிறுப்பாளோ என்று எனக்குச் சந்தேகம்.

போத்தலில் ஒட்டிய தாளை எழுத்துக்கூட்டி வாசித்தேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. வாய்க்குள் நுழையாத ஏதோ ஒரு பெயர், அதன் வாலில் 'செலுலோஸ்'.

"ஓட்டோ பெயின்டை மூஞ்சில பூச விக்கிறாள்!" என்று நான் வேலை செய்கிற கராச்சில் நின்று சத்தம் போட்டேன்.

அது கஜானியின் காதுக்குப் போய்விட்டது. கல்யாணப் பொம்பிளைகளுக்கு அலங்காரம் செய்கிறவள். நாற்பது போத்தல் கேட்டிருந்தவள் அடுத்த நாளே வேண்டாம் என்றுவிட்டாள். யசோதினிக்கு அதுதான் முதல் பெரிய ஓடர்.

யசோதினி என் வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. "அண்ணன், உங்கட தின்னரையும் எடுத்திட்டு வாங்க. வந்து பாத்திட்டு மறுகா கத்துங்க."

போனேன். வெள்ளைத் தூளைக் கிளிசரினில் குழைத்துத் தண்ணீரில் விட்டுக் கிண்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அந்தத் தண்ணீர் தடித்துக் கரண்டியில் தொங்கியது. நான் குனிந்து பார்த்தேன்.

"இது என்னத்துல செய்யிற?"

"மரக்கூழ், பஞ்சு. உங்கட பெயின்டும் அதுல இருந்துதான் வாற. ஆனா அதை அசிட்டுல போட்டு வேற ஆளாக்கிட்டாங்க. இது தண்ணியோட சேர்ற ஆள்."

"அப்ப ஒரு தாய்ப் பிள்ளையள்?"

"ஓம். ஒண்டு உங்களப்போல, ஒண்டு என்னப்போல."

கொண்டுபோன தின்னரை ஒரு கரண்டி ஜெல்லில் ஊற்றினேன். என் பெயின்ட் என்றால் கரைந்திருக்கும். இது வெள்ளையாகத் திரண்டு ஒதுங்கியது. இன்னொரு கரண்டியைத் தண்ணீரில் கிண்டினேன். கரைந்து போனது.

"தோலுக்குள்ள இறங்காதா?"

"அது பெரிய ஆள், இறங்கேலா. மேலதான் நிக்கும், கழுவினாப் போயிரும். தோலுக்கெண்டு சுத்தமாக்கின தூள்தான் நான் வாங்குற. அதுல பயமில்ல, பயம் தண்ணியிலதான். பூஞ்சணம் பிடிக்கும். அதுக்குத்தான் கெடாம இரிக்க மருந்தும் அளந்து போட்டு, திகதியும் எழுதுற."

பின்னேரம் யசோதினி தந்த போத்தலோடு கஜானியின் கடைக்குப் போனேன். "நான் சொன்னது பிழை. என்ட செலுலோஸ் வேற, அவள்ர செலுலோஸ் வேற."

"அப்ப உங்கட மூஞ்சில பூசிக் காட்டுங்க."

கல்யாணப் பொம்பிளை இருக்கிற கதிரையில் என்னை இருத்தினாள். கடையில் நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஜெல் பூசிய என் கன்னம் கண்ணாடியில் புதிதாகப் பெயின்ட் அடித்த ஓட்டோ மட்காட் மாதிரி மினுங்கியது.

"நாளைக்கு இதே மூஞ்சோட வாங்க" என்றாள்.

மறுநாள் போனேன். தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"சிவக்கல்ல, கடிக்கல்ல. அழகும் கூடல்ல. முதல்ல இருபது போத்தல் கொண்டுவரச் சொல்லுங்க."

அதைச் சொல்ல யசோதினி வீட்டுக்கு சைக்கிளை மிதித்தேன்.