வெள்ளிக்கிழமைத் தாள்

எங்கள் வீட்டில் யார் எது செய்வதானாலும் முதலில் காலண்டர் பேச வேண்டும். திருவனந்தபுரத்தில் அக்கம்பக்கமெல்லாம் மலையாளக் காலண்டர் தொங்கிய எழுபதுகளில், சாலைக் கடைத்தெருவில் துணிக்கடை உத்தியோகம் பார்த்த என் அப்பா மட்டும் வருஷா வருஷம் நாகர்கோவிலிலிருந்து தமிழ்த் தினசரிக் காலண்டர் வரவழைப்பார். ஒவ்வொரு தாளின் அடியிலும் பொடி எழுத்தில் ஒரு பழைய வாசகம் இருக்கும். நட்பு, கோபம், மனுஷ புத்தி என்று ஏதாவது. மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்த எனக்குத் தமிழ் மறந்துவிடக் கூடாதென்று, காலைக் காப்பி நேரத்தில் நான்தான் அதை எல்லோருக்கும் உரக்கப் படிக்க வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது.

படித்துவிட்டால் அப்பீலே கிடையாது. ஒரு தடவை கிணற்றுத் தகராறில் பக்கத்து வீட்டுக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கப் புறப்பட்ட அப்பா, அன்றைய தாள் சினத்தைப் பற்றியதாகப் போனதும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். "பெரியவங்க சும்மாவா சொல்லி வச்சாங்க?" என்பார். அம்மா அடுப்படியில் சிரித்துக்கொள்வாள்.

அந்த வருஷம் அத்தை, அப்பாவின் தங்கை, ஒரு பெட்டியோடு பொன்முடியிலிருந்து வந்து சேர்ந்தாள். மாமா அங்கே தேயிலைத் தோட்ட ஆபீசில் கிளார்க். அத்தையின் முழங்கைக்கு மேல் நீளமாக ஒரு காயம் ஆறாமல் இருந்தது. கேட்டதற்கு, "தேயிலைச் செடி கீறிட்டு மக்களே" என்றாள். பாவம் என்று ஊதிவிட்டேன்.

அவள் எங்களோடு இருந்த மூன்று மாதமும் வருகிறவர் போகிறவரெல்லாம் அவளுக்குப் புத்தி சொன்னார்கள். பொறுத்துப் போ, ஆம்பிளை என்றால் அப்படித்தான் இருப்பான். அப்பாவும் அதையேதான் சொன்னார். மாமா கூட்டிப்போக வருவதாகக் கடிதம் வந்த மத்தியானம், அத்தை என்னைக் காலண்டர் முன்னால் நிறுத்தி, தாள்களைத் தூக்கிப் பார்க்கச் சொன்னாள். முன்கூட்டிப் பார்ப்பது எங்கள் வீட்டில் பெரிய குற்றம். அவளுக்கோ தமிழ் எழுத்து தெரியாது, மலையாளம் மட்டும்தான் படித்தவள். ஒவ்வொன்றாக ரகசியக் குரலில் வாசித்தேன். வெள்ளிக்கிழமைத் தாளில், நெஞ்சில் இரக்கம் இல்லாதவரை விட்டு விலகுவதே அறிவு என்கிற மாதிரி போட்டிருந்தது.

"இன்னொரு மட்டம் வாசி" என்றாள். வாசித்தேன்.

சாயங்காலம் அப்பாவிடம், "வெள்ளிக்கிழமை காலம்பற காப்பி குடிச்சிட்டு முடிவு சொல்லுதேன் அண்ணே. அவரும் இருக்கட்டும்" என்றாள்.

மாமா வியாழக்கிழமையே வந்துவிட்டார். எனக்கு ரிப்பன் வாங்கி வந்திருந்தார். "லீவுக்கு நீயும் அங்க வா மோளே. மேகம் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள வரும், கையால பிடிக்கலாம்" என்றார். அத்தை போகாவிட்டால் நான் எப்படிப் போவது? அது ஒன்றுதான் என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அப்பா வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். மாமா கையில் காப்பி டம்ளர். அத்தை தலைக்குக் குளித்து, கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அத்தனை தெளிவான முகத்தை அந்த மூன்று மாதத்தில் நான் பார்த்ததில்லை. நேற்றைய தாளைக் கிழித்தேன். பிறகு, போன வாரம் படித்த பொறுமையைப் பற்றிய வாசகத்தை மனப்பாடமாக ஒப்பித்தேன். கண்ணாடி போடாத அப்பாவுக்கு அந்தப் பொடி எழுத்து தெரியாது. அந்த வீட்டில் அத்தை பக்கம் பேச இருந்தது அந்த ஒரு தாள்தான். அதன் வாயையும் நான் அடைத்துவிட்டேன்.

"அப்படியா போட்டிருக்கு மக்களே?" என்றாள் அத்தை.

"ஆமா அத்தை."

"பாத்தியா?" என்றார் அப்பா, பெரிய பாரம் இறங்கியவராக. அத்தை உள்ளே போய்ப் பெட்டியை எடுத்து வந்தாள். படியிறங்கும்போது என் தலையைத் தடவிக் கொடுத்தாள். தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா சொன்ன சொல் தவறவில்லை. லீவுக்குப் பொன்முடி போனேன். மேகம் நிஜமாகவே ஜன்னல் வழியாக வந்தது. அத்தை சுடச்சுடப் புட்டு அவித்து வைத்தாள். இந்தத் தடவை காயம் அவள் புருவத்துக்கு மேலே இருந்தது. "தேயிலைச் செடி கீறிட்டு" என்றாள். கிளார்க் வீட்டுப் பெண்கள் தோட்டத்துக்குள் கால் வைப்பதே இல்லை. அங்கே செடியை இடுப்புக்கு மேல் வளரவும் விடுவதில்லை. இரண்டையும் நான் என் கண்ணாலேயே பார்த்தேன். பார்த்துவிட்டு, அவள் புருவத்தை ஊதிவிட்டு, மேகம் பிடிக்க ஓடினேன்.