நெஞ்சுல ஒரு ஆபரேஷன்

டிப்போவில் அவளுக்கு ஹாரன் அக்கா என்று பெயர். பஸ்ஸில் ஹாரனை அவள் தொடுவதே அபூர்வம். குறுக்கே வருகிறவனுக்கு ஜன்னல் வழியாக அவள் வாயே போதும் என்பதால் வைத்த பெயர். வைத்தவர்கள் ஆண் டிரைவர்கள். அதற்கு முன்னால் வேறு சில பெயர்களும் வைத்துப் பார்த்தார்கள். அவற்றையெல்லாம் அவரவர் முகத்திலேயே அவள் திருப்பி எறிந்த பிறகு இது ஒன்றுதான் நிலைத்தது.

பெரிய வண்டிக்கு லைசென்ஸ் எடுக்கப் போனபோது, "வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று கேட்டார்கள். முதல் நாள் சீட்டில் உட்கார்ந்தபோது, ஏறிய பயணிகளில் சிலர் டிரைவரைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். இறங்கினவர்கள் அடுத்த பஸ்ஸுக்கு வெயிலில் காய்ந்தார்கள், காயட்டும். அந்த சீட்டை யாரும் அவளுக்குத் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. சண்டை போட்டுப் பிடித்த சீட். நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு உலகத்தில் சொந்தம் என்று உறுதியாகச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. வீடுகூட வாடகைதான்.

குளிக்கும்போதுதான் அது கையில் பட்டது. கியர் போடுகிற கைப் பக்கம், பட்டாணி அளவில், வலியே இல்லாமல். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"இந்த இடத்துல."

"மார்புலயா, அக்குள்லயா?"

"ம்" என்றாள். ஒரு சாலையையே வாயால் ஒதுக்குகிறவளுக்கு அந்த ஒரு சொல் வரவில்லை. ஐம்பதை நெருங்கியும் அதை அவள் வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. அவள் அம்மா சொன்னதில்லை, அக்கா சொன்னதில்லை. துணிக்கடைக்காரன்கூட அளவைத்தான் கேட்பான்.

ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்தான். ஆனால் சின்னதாக இருக்கும்போதே பிடித்தாயிற்று என்றார் டாக்டரம்மா. கட்டியையும் அதைச் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துவிட்டு, பிறகு கதிர்வீச்சு, அதாவது கரண்ட், வைக்கலாம். அல்லது மார்பையே எடுத்துவிடலாம். உங்களுக்கு இருக்கிற நிலையில் இரண்டிலும் உயிருக்கு ஒரே அளவு பாதுகாப்புதான், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர் அவள் கணவரைப் பார்த்து, "அவங்க என்ன நினைக்கறாங்க?" என்று கேட்டான்.

"அவங்க இங்கதான் உக்காந்திருக்காங்க" என்றாள் அவள். "காதும் கேக்குது. கட்டிய மட்டும் எடுங்க."

கணவர் வாயில்லாப் பூச்சி. குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தா. அவருக்கும் சேர்த்துப் பேச ஓர் அக்கா இருந்தாள், அதாவது இவளுடைய நாத்தனார். விஷயம் தெரிந்த அன்றே வந்து உட்கார்ந்துகொண்டு, "இந்த வயசுல அத வச்சுக்கிட்டு என்னத்துக்கு? புள்ளைக்குப் பால் குடுக்கப் போறியா? மொத்தமா எடுத்துட்டா நிம்மதி" என்றாள்.

"உங்க மூக்கு நுனியில மரு இருக்கே அண்ணி, மூக்கையே எடுத்துட்டா நிம்மதி இல்லையா?"

நாத்தனார் எழுந்து போய்விட்டாள். போகும்போது தம்பியிடம் வாசலில் ஏதோ ஓதிவிட்டுத்தான் போனாள். என்ன ஓதினாள் என்பது இவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஆபரேஷனுக்கு முன்தினம் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டாள். ராத்திரிக்கு மேல் சாப்பிடக் கூடாது. நகை, நகப்பூச்சு எதுவும் வேண்டாம். முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை எடுத்துவர வேண்டும், கையைத் தூக்கிப் போடுகிற துணி ஆகாது. கம்பி இல்லாத மெத்தென்ற பாடி இரண்டு. வீட்டில் முன்பக்கம் பட்டன் வைத்தது என்று பார்த்தால் அவளுடைய டிரைவர் யூனிஃபார்ம் சட்டைதான் இருந்தது. அதையே மடித்துப் பையில் வைத்தாள். வைக்கும்போது மனதுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது. காலையில் டாக்டரம்மா வந்து பேனாவால் தோலில் அம்புக்குறி போட்டார்.

கண் விழித்தபோது முதலில் அவள் கையைத்தான் அசைத்துப் பார்த்தாள். விரல் மடங்கியது. அக்குளில் யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் இருந்தது. அங்கிருந்தும் ஒரு நெறிகட்டியை எடுத்து, நோய் பரவியிருக்கிறதா என்று பார்த்திருந்தார்கள். அதை அடையாளம் காண ஏற்றிய நீலச் சாயம் சிறுநீரில் வெளியே வந்தது. கழிப்பறையில் அதைப் பார்த்து அவள் பயப்படவில்லை, சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஏனென்றால் வீட்டுக்கு வந்ததும் ஓட்ஸ் வர ஆரம்பித்தது.

டிப்போ மெக்கானிக் ஒரு பாக்கெட் ஓட்ஸ் கொண்டுவந்தார். டைம் கீப்பர் ஒன்று. பக்கத்து வீட்டுக்காரி இரண்டு. "எண்ணெயத் தொடாதீங்க", "மாடிப்படி ஏறாதீங்க", "கோபமே படாதீங்க, படபடன்னு வரும்" என்று ஆளாளுக்கு வைத்தியம். மார்பில் தையல் போட்டவளுக்கு மாடிப்படி என்ன செய்யும் என்று அவளுக்குப் புரியவில்லை. அவளோடு பஸ்ஸில் ஓடுகிற கண்டக்டர் தம்பி, தன் மனைவியோடு வந்து, "எங்க சித்தப்பாவுக்கும் ரெண்டு அடைப்பு இருந்துச்சுக்கா, இப்ப ஓடறாரு" என்று சொன்னபோதுதான் பொறி தட்டியது.

தமிழில் நெஞ்சு என்று ஒரு சொல் இருக்கிறதே, அது ஒரு சத்திரம். இதயமும் அங்கேதான் தங்கும், நுரையீரலும் அங்கேதான். எரிச்சல், சளி, வாயு, காதல், துரோகம் எல்லாவற்றுக்கும் அங்கே இடம் உண்டு. கணவர் டிப்போவுக்கு ஃபோன் போட்டு லீவு சொன்னபோது, தன் அக்கா ஓதியபடியே, "நெஞ்சுல ஒரு ஆபரேஷன்" என்று சொல்லியிருக்கிறார். மீதியை டிப்போவே பார்த்துக்கொண்டது.

கண்டக்டரின் மனைவி அதிகம் பேசாதவள். அன்று அவள் மட்டும் ஓட்ஸைப் பற்றிப் பேசாமல், "முதல்ல வலிச்சுதாக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"எனக்கும் நெஞ்சுல ஒரு மாதிரி..."

"உனக்கு வாயு" என்றான் அவன். "நேரத்துக்குச் சாப்பிட்டாத்தானே."

ஹாரன் அக்கா திருத்திச் சொல்ல வாயைத் திறந்தாள். "அது ஹார்ட் இல்ல தம்பி, இது வேற" என்றதோடு நாக்கு நின்றுவிட்டது. எதிரே ஆண்பிள்ளை உட்கார்ந்திருக்கிறான், கணவர் தரையைப் பார்க்கிறார். அவர்கள் போன பிறகுதான் வெடித்தாள்.

"எனக்கு வந்த வியாதிக்கு உங்களுக்கு என்ன வெக்கம்?"

"நாலு பேர் நாலு விதமா நினைப்பாங்கன்னுதான். அக்கா சொன்னா."

"நாலு பேரும் அது இல்லாத வீட்டுலயா பொறந்தாங்க?"

அவர் ஓட்ஸ் பாக்கெட்டுகளை அலமாரியில் அடுக்கினார். அன்றிலிருந்து அவள் அவருக்கு ஓட்ஸ்தான் காய்ச்சிப் போட்டாள், மூன்று வேளையும்.

பரிசோதனை முடிவு வந்தது. வெட்டிய ஓரங்கள் சுத்தமாக இருக்கின்றன, அக்குளுக்கு அது போகவில்லை. டாக்டரம்மா சொன்ன பயிற்சிகளை ஒன்று விடாமல் செய்தாள். சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே மேலே ஏற்றினாள். பெரிய பாத்திர மூடியை இரண்டு கையாலும் பிடித்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங் ஒடிப்பதுபோல் ஒடித்தாள். பிறகு கரண்ட் வைத்தார்கள். தோல் கறுத்தது, உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடந்தது, மத்தியானம் ஆனால் கண்ணைச் சொருகியது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு பக்கம் லேசாகக் குழி விழுந்திருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு அழுகை வரவில்லை. இருக்கிறாயே, அது போதும் என்று அதனிடம் சொன்னாள்.

வண்டி ஓட்டலாம் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்த அன்றே டிப்போவுக்குப் போனாள். கணவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து கேட் அருகே நின்றார். மேனேஜர் கடிதத்தைப் படிக்காமலே மடித்து வைத்தார்.

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்மா. ஹார்ட் விஷயம். அறுபது உசுரு உங்க கையில. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா எவன் பதில் சொல்றது? காணாமப் போன பொருள் ரூம் காலியா இருக்கு. ஃபேன் இருக்கு, நாற்காலி இருக்கு. உக்காந்துக்குங்க."

அவளுக்கு அந்த அறையைத் தெரியும். ஒற்றைச் செருப்பும் கம்பி உடைந்த குடையும் யாரும் தேடி வராத டிபன் பாக்ஸும் கிடக்கும் இடம்.

"குடையோட குடையா என்னையும் வைக்கப் பாக்கறீங்களா சார்?"

"இந்தப் படபடப்புதான் வேண்டாங்கறேன்."

கதவு திறந்திருந்தது. வெளியே கையெழுத்துப் போட நின்ற டிரைவர்களும் கண்டக்டர்களும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. மேனேஜர் மேல், நாத்தனார் மேல், கேட்டில் நிற்கிற மனுஷன் மேல். எல்லாவற்றுக்கும் மேலாக, இத்தனை நாள் "இந்த இடம்" என்றே சொல்லிக்கொண்டிருந்த தன் வாயின் மேல்.

"சார், என் ஹார்ட்டுக்கு ஒரு கேடும் இல்ல. எனக்கு வந்தது மார்புல. மார்புப் புற்றுநோய். கட்டிய எடுத்தாங்க, கரண்ட் வச்சாங்க. மார்பு இருக்கு, கை இருக்கு, கண் இருக்கு. மார்பால எவனும் பஸ் ஓட்டறதில்ல. அந்தக் கடிதத்தப் பிரிச்சுப் படிங்க."

டிப்போக் கழிப்பறைச் சுவரில் அதே உறுப்பைப் படம் போட்டு எழுதி வைத்தவர்கள் வெளியே அந்த வரிசையில்தான் நின்றார்கள். அத்தனை பேரும் தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்தார்கள். மேனேஜர் கடிதத்தைப் பிரித்தார். படித்து முடித்த பிறகும் நிமிரவில்லை. "டிரையல் பாக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

பார்த்தார்கள். டிரெய்னிங் கொடுக்கிற பெரியவர் பக்கத்தில் உட்கார, காலி பஸ்ஸை எடுத்தாள். பெல்ட்டுக்கு அடியில் மடித்த துண்டு. ரிவர்ஸில் ஒடிக்கும்போது அக்குள் சுருக்கென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒடித்தாள். பெரியவர் இறங்கும்போது குறை ஒன்றும் சொல்லவில்லை. அவர் குறை சொல்லாவிட்டால் பாஸ் என்று அர்த்தம்.

கேட்டில் கணவர், "எல்லார் முன்னாடியும் சொல்லணுமா?" என்று முனகினார்.

"நீங்க ஒருத்தர்கிட்ட ஒழுங்கா சொல்லியிருந்தா, நான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்க வேண்டாம்."

திங்கட்கிழமை முதல் டிரிப். பஸ் நிறைந்துவிட்டது. கண்டக்டர் தம்பி டிக்கெட் கொடுத்து முடித்தும் பின்னால் போகாமல் அவள் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"அக்கா, அன்னைக்கு ஆபீஸ்ல சொன்னீங்களே. அது முதல்ல எப்படி இருந்துச்சு?"

"எதுக்குக் கேக்கற?"

"வீட்ல அவளுக்கும் நெஞ்சுல கட்டி மாதிரி ஏதோ இருக்குங்கறா. ரொம்ப நாளா சொல்றா. நான் வாயுன்னு மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு இருக்கேன்."

முதல்ல வலிச்சுதாக்கா என்று அந்தப் பெண் கேட்டது இப்போதுதான் அவள் காதில் முழுசாக விழுந்தது. கேட்க வந்தவளை, இது வேற என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"கட்டி எங்க இருக்கு?"

"நெஞ்சுலதான்க்கா."

"நெஞ்சுல எங்க?"

அவன் பின்னால் போய் விசில் அடித்தான். அவள் வண்டியை எடுக்கவில்லை. மறுபடி அடித்தான். எடுக்கவில்லை. அவன் திரும்பி வந்தான்.

"அக்கா, டைம் ஆச்சு."

"ஆகட்டும். எங்க கட்டின்னு சொல்லு. நாளைக்கு ஆஸ்பத்திரியில சீட்டு எழுதறவன் கேப்பான். அங்கயும் போய் நெஞ்சுன்னு சொன்னேன்னா ஹார்ட் டாக்டர்கிட்ட அனுப்புவான். அவர் நெஞ்சுல குழாய வச்சுப் பாத்துட்டு நல்லா இருக்குன்னு அனுப்பிடுவார். சொல்லிப் பழகு."

"பஸ்ல ஜனம் இருக்காங்கக்கா."

"அன்னைக்கு நான் ஆபீஸ்ல சொன்னப்ப ஜனம் இல்லையா?"

அவன் குனிந்து, உதடு அசைகிற அளவுக்கு ஏதோ சொன்னான்.

"கேக்கல."

பின் சீட்டிலிருந்து ஒருவர், "என்னம்மா, வண்டி எடுக்கறீங்களா இல்ல நாங்க எறங்கிக்கவா?" என்றார்.

"கண்டக்டர் இன்னும் ரைட் சொல்லல சார்" என்றாள் கண்ணாடியைப் பார்த்து.

அவன் நிமிர்ந்தான். கழுத்து நரம்பு புடைத்தது.

"மார்புல" என்றான். "என் பொண்டாட்டிக்கு மார்புல கட்டி."

பஸ் முழுக்கக் கேட்டது. யாரும் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

"நாளைக்கு லீவு போடு. நானும் வர்றேன்" என்றாள் ஹாரன் அக்கா.

அவன் விசிலைக் கையில் வைத்துக்கொண்டு ஊதத் தெரியாதவன்போல் நின்றான். அவளே "ரைட்" என்று சொல்லி, துண்டைச் சரிசெய்து, வண்டியை எடுத்தாள்.