தம்பி தாண்டிய இடம்

ஊரில் இருக்கும் உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள். இங்கே ரங்கூனில் தேங்காயை உடைப்பதில்லை, தொங்கவிடுகிறார்கள். எந்தப் பர்மியர் வீட்டுக்குள் போனாலும் தூண் ஒன்றில், தலையில் சிவப்புத் துணி கட்டிய முழுத் தேங்காய் ஒன்று காம்போடு தொங்கும். வீட்டைக் காக்கும் தேவதைக்கு, இவர்கள் நட் என்பார்கள், அந்தக் காய்தான் இருப்பிடம். உள்ளே நீர் வற்றினால் உடனே வேறு காய் மாற்றிவிட வேண்டும். என் மனைவி மா மியா அடிக்கடி அதைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்ப்பாள். நீர் குலுங்கினால்தான் அவளுக்கு நிம்மதி. எனக்கோ, இத்தனை வருஷமாகியும் அந்தக் காயைக் கண்டால் கை பரபரக்கிறது, கண் கல்லைத் தேடுகிறது. நம் பழக்கம் அப்படி!

நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். பர்மியர், சீனர், தமிழர் எல்லார் வீட்டுப் பிள்ளைகளுக்கும் ரோமாபுரி உண்டான கதையைச் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறேன். ரோமாபுரியை நானும் பார்த்ததில்லை, அவர்களும் பார்க்கப் போவதில்லை. ஆற்றில் விடப்பட்டு, பெண் ஓநாயின் பால் குடித்துப் பிழைத்த இரட்டையர் ரோமுலஸும் ரீமஸும். வளர்ந்து ஊர் கட்டக் கிளம்பியபோது, எந்தக் குன்றில் கட்டுவது என்று சண்டை வந்தது. ரோமுலஸ் ஏர் பூட்டித் தன் குன்றைச் சுற்றி உழுதான். அந்த உழவுசால்தான் ஊர் எல்லை, அதை யாரும் மிதிக்கவோ தாண்டவோ கூடாது. வாசல் வர வேண்டிய இடத்தில் மட்டும் கலப்பையைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி இறக்கினான். இதுதானா உன் கோட்டை என்று சிரித்துக்கொண்டே ரீமஸ் ஒரு தாண்டு தாண்டினான். கூடப் பிறந்தவனே அவனை வெட்டிப் போட்டான். அப்புறம் ஊருக்கு ஆள் வேண்டுமே! ஓடி வந்தவன், ஊரை விட்டுத் துரத்தப்பட்டவன் எல்லாரையும் வா வா என்றார்கள். வந்ததெல்லாம் ஆண்கள். ஆகவே பக்கத்து ஊர்க்காரர்களைத் திருவிழாவுக்கு அழைத்து, அவர்கள் பெண்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ரங்கூன் துறைமுகம் கண்ணில் வந்து நிற்கும். கப்பலிலிருந்து இறங்குகிற கூட்டத்தைப் பாருங்கள், தலைப்பாகையும் தகரப் பெட்டியுமாக எல்லாம் ஆண்கள். நானும் என் தம்பி நடேசனும் மாயவரம் பக்கத்திலிருந்து அப்படித்தான் இறங்கினோம். அவனுக்குத் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதும் வேலை கிடைத்தது. ஒரே அறை, ஒரே அடுப்பு. போனால் ஒரே கப்பலில் திரும்புவது என்று எங்களுக்குள் பேச்சு. நடுவில் மா மியா வந்தாள். தாமுவே சந்தையில் அவளுக்குச் சுருட்டுக் கடை. இங்கே பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகிற வழக்கம் கிடையாது, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறான். என் தகரப் பெட்டியை அவளே தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள், நான் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். நடேசன் அறை வாசலில் நின்று பார்த்தான்.

ஒரு நாள் பாடத்துக்குத் தயார் செய்துகொண்டே இந்த ரோமாபுரிக் கதையை மா மியாவுக்குச் சொன்னேன். சுருட்டுக்கு இலை நறுக்கிக்கொண்டே கேட்டாள். கடையில் கற்ற தமிழ் அவளுடையது, கறாராகப் பேரம் பேசுகிற தமிழ்.

"அந்த ஆளுக்கு மூளை இல்ல, சாயா." சாயா என்றால் வாத்தியார். புருஷனையும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ஏண்டி?"

"தம்பி தாண்டின எடத்துல கலப்பையத் தூக்கிட்டா முடிஞ்சுபோச்சு. அங்கதான் வாசல். அப்ப அவன் தாண்டல, உள்ள வந்தான்."

"ஆமாம், நீ போய் ரோமாபுரி கட்டு" என்று சொல்லி நான் புத்தகத்தை மூடினேன்.

போன மழைக்காலம் முடிந்ததும் தாமுவேயில் அவள் அம்மா விட்டுப்போன மனையில் வீடு கட்ட ஆரம்பித்தோம். நடேசன் வருவான் என்று நான் நினைக்கவே இல்லை. பர்மாவில் தூண் நட்டுவிட்டால் அண்ணன் ஊருக்குத் திரும்ப மாட்டான் என்று அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும், வாயால் சொல்லத்தான் பயம். ஆனாலும் வந்தான். சலவை வேட்டி, நெற்றியில் விபூதி, கையில் கற்பூரம். நான் நம் வழக்கப்படி மனையின் நான்கு மூலையிலும் முளைக்குச்சி அடித்துக் கயிறு கட்டியிருந்தேன். மா மியாவின் மாமா ஊ போ தூண் நட ஆட்களோடு நின்றார். கயிற்றுக்கு வெளியே, ஆற்றுப் பக்கம், ஒரு பலகையில் மா மியா வாழைப்பழமும் தேங்காயும் வைத்திருந்தாள். சிவப்புத் துணி இன்னும் கட்டவில்லை, அதை எடுக்கத்தான் பக்கத்திலிருந்த மாமா வீட்டுக்குள் போயிருந்தாள்.

தம்பி பலகையைப் பார்த்தான். கற்பூரத்தை ஏற்றினான். நல்ல காரியத்தில் தேங்காய் சும்மா இருந்தால் நம்மவனுக்குப் பொறுக்குமா? எடுத்துச் சுற்றிக் காட்டி, பக்கத்துக் கல்லில் ஒரே போடு. சரிபாதியாக உடைந்தது.

"அண்ணே, பாருங்க, எவ்வளவு அழகா ஒடஞ்சிருக்கு! வீடு அமோகமா வரும்!"

அவன் முகத்தில் இருந்த சந்தோஷம்! எவ்வளவோ நாளைக்கு அப்புறம் அன்றுதான் பார்த்தேன். ஆனால் ஊ போ முகம் வெளுத்துவிட்டது. வீட்டுக் காவலின் இருப்பிடத்தையே பிளந்துவிட்டான் என்று பர்மிய மொழியில் கத்தினார். தூண் ஆட்கள் கயிற்றையும் கடப்பாரையையும் கீழே போட்டார்கள். துணியோடு வெளியே வந்த மா மியா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு மானம் போயிற்று.

"யாரைக் கேட்டுடா தொட்டே?"

"தேங்கா ஒடைக்க யாரண்ணே கேக்கணும்?"

"மனைக்குள்ள கால வைக்காதே. போயிடு!"

அவன் என்னைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான். வேட்டியை மடித்துக் கட்டி ஒரே தாண்டில் உள்ளே வந்து நின்றான்.

"வந்துட்டேன். என்ன பண்ணுவீங்க?"

என் கையில் மண்வெட்டி இருந்தது. பயப்படாதீர்கள், ஓங்கவில்லை. ஆனால் அவன் பார்வை என் முகத்தில் இல்லை, மண்வெட்டியில் இருந்தது. அண்ணனிடம் தம்பி அப்படிப் பயந்து பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இந்த ஜன்மத்தில் மறக்க முடியாது. தாண்டிய வழியே திரும்பிப் போய்விட்டான்.

அடுத்த வாரம் துறைமுக வேலையை விட்டுவிட்டு, ஆற்றுக்கு அக்கரை தன்லியினில் எண்ணெய் ஆலையில் சேர்ந்தான் என்று கேள்வி. படகேறினால் போய்விடலாம். இரண்டு தடவை படகுத்துறை வரை போனேன். டிக்கட்டும் வாங்கினேன், ஏறவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவது என்று தெரியவில்லை. வகுப்பில் அந்தக் கதை வரும்போது தாண்டிய இடத்தில் நிறுத்திவிட்டு, மீதியைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

வீடு எழும்பிவிட்டது. வேலி போட ஊ போ வந்து, வாசல் தெருப் பக்கம்தானே என்றார். நான் தலையாட்டினேன், அவரும் வேலையைத் தொடங்கினார். ஆற்றுப் பக்கம் வந்ததும், நடேசன் தாண்டிய இடத்தில் நான் போய் நின்றுகொண்டேன். இங்கே அடைக்காதீர்கள் என்றேன். அந்தப் பக்கம் தெருவே கிடையாது, சேறும் புல்லும்தான். சாயாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டதென்று அவர் மா மியாவைப் பார்த்தார். அவள் அடுத்த கம்பைத் தள்ளி ஊன்றச் சொன்னாள். வேலியில் அந்த இடம் திறந்தே இருக்கிறது.

இப்போது மா மியா சந்தையிலிருந்து இரண்டு தேங்காய் வாங்கி வருகிறாள். ஒன்றுக்குச் சிவப்புத் துணி கட்டித் தூணில் தொங்கவிடுகிறாள். இன்னொன்றை ஆற்றுப் பக்கத்து வாசலில், அந்தக் கல்லின் மேல் வைக்கிறாள். நீர் வற்றுகிறதா என்று அதையும் குலுக்கிப் பார்த்து மாற்றுகிறாள். அதை உடைக்க எனக்குக் கை பரபரப்பதில்லை. அது நடேசன் உடைக்க வேண்டிய காய்.