சல்வோவுக்குச் சொல்லாத எச்சரிக்கை

இத்தாலியில், ஸ்ஃபெர்ராகவால்லோ மீன்பிடித் துறையிலிருந்து பலெர்மோ நகர உணவகங்களுக்கு ஆளுக்கொரு வான் வண்டியில் மீன் கொண்டுபோகிறவர்கள் நாங்கள் ஐந்து பேர். நால்வர் தமிழர், சல்வோ மட்டும் இத்தாலியன். எல்லோரிடமும் ஒருவரோடு ஒருவர் பேச வோக்கி-டோக்கி இருந்தது. வீதியில் ஆபத்தைக் கண்டவர் முதலில் தமிழில் சொல்லிவிட்டு, சல்வோவுக்காக இத்தாலியன் மொழியிலும் சொல்ல வேண்டும். அது எங்கள் வழக்கம்.

அன்று காலை மழை. முன்னால் போன நான் ஒரு வளைவில் சறுக்கித் தப்பினேன்.

"வளைவிலை எண்ணெய் கொட்டிக் கிடக்கு, மெதுவா வாங்கோ!" என்று கத்தினேன்.

"ஓம், ஓம்" என்றான் சல்வோ. அவனுக்குத் தெரிந்த ஒரே தமிழ் அதுதான். எதற்கும் அதைச் சொல்லிச் சிரிப்பான். அது எனக்கு நன்றாகவே தெரியும். அந்த நேரம் பார்த்து உணவக முதலாளியம்மா சிக்னோரா தொலைபேசியில் அழைத்தார். அவரோடு கதைத்துவிட்டு இத்தாலியனில் சொல்லலாம் என்று நினைத்தேன்.

கதைத்து முடிப்பதற்குள் எங்களில் ஒருவனான, பின்னால் வந்த சீலன் வோக்கியில் அழுதான்.

"அண்ணை, சல்வோன்ரை வான் மதிலோடை அடிபட்டுக் கிடக்கு. ஆளிலை மூச்சில்லை. நீங்கள் அவனுக்கு இத்தாலியனிலை சொல்லேல்லையோ?"

"சொன்னனான்" என்றேன்.

 சீலனும் வோக்கியில் எல்லாம் கேட்டுக்கொண்டுதானே வந்தவன்.

சவ அடக்கத்தில் சல்வோவின் மனைவி என் கைகளைப் பிடித்துக்கொண்டாள். தமிழர்கள் முன்னால் போனால் தனக்குப் பயமில்லை என்று அவன் அடிக்கடி சொல்வானாம். அவளிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

இப்போது எங்கள் வோக்கியில் தமிழர் நால்வர் மட்டும்தான். ஆனாலும் ஆபத்தைக் கண்டால் நான் முதலில் இத்தாலியனில்தான் சொல்கிறேன். ஏன் என்று சீலன் ஒருநாளும் கேட்டதில்லை.