தாரணியின் பட்டியலில் முதல் வரி

என் அண்ணன் மகள் தாரணியின் கல்லூரியை நான்தான் மாற்றினேன். அவளுக்குத் தெரியாமல், அவள் எழுதிக் கொடுத்த வரிசையைக் கலைத்து மாற்றினேன்.

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்...

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறை ஒன்றில் பில் போடுகிறவள் நான். எங்கள் குடும்பத்தில் கணினி தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆதார் திருத்தமானாலும் சாதிச் சான்றிதழானாலும் என்னிடம்தான் வருவார்கள். பொறியியல் கலந்தாய்வுக்கும் என் கைப்பேசி எண்ணைத்தான் கொடுத்திருந்தோம்.

அண்ணனுக்கு மேச்சேரிப் பக்கம் விவசாயம். தாரணி பதினொன்றும் பன்னிரண்டும் என் வீட்டிலிருந்து படித்தாள். கணவர் இறந்தபின் நான் தனியாகக் கிடந்த வீடு அது. அந்த இரண்டு வருடங்களில்தான் எனக்கு மீண்டும் இரண்டு பேருக்குச் சமைக்கும் பழக்கம் வந்தது.

விருப்பப் பட்டியலை உறுதிசெய்யக் கடைசி நாள். ஊரில் பண்டிகை என்று தாரணி போயிருந்தாள். கோடு போட்ட தாளில் கல்லூரிகளை வரிசையாக எழுதிக் கொடுத்திருந்தாள். முதல் வரியில் சென்னை. ஐந்தாவது வரியில் சேலம். மேலிருந்து பார்த்து, மதிப்பெண்ணுக்கு எட்டும் முதல் வரியைத்தான் ஒதுக்குவார்கள்.

அவள் எழுதியபடியேதான் முதலில் பதிந்தேன். நம்புங்கள்! பிறகு சென்னை என்ற பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு தூரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்று நினைத்தேன். அவளுக்காகவா நினைத்தேன்? இல்லை... பாதி பொய். சேலம் என்றால் வாரம் ஒருமுறை வருவாள். சென்னை என்றால் தீபாவளிக்கு வருவாள்.

சேலத்தை முதல் வரிக்கு ஏற்றினேன். உறுதிசெய்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை!

சேலம் கிடைத்தது என்று தெரிந்த அன்று தாரணி சோற்றில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"சென்னைக்கு மார்க்குப் பத்தலீங்களா அத்தை?"

"ஆமா சாமி, பத்தல."

அந்த மூன்று சொற்கள்தான் என் குற்றம். வரிசையை மாற்றியதைக்கூட பயத்தில் செய்தேன் என்று சொல்லலாம். இதை எதில் சேர்ப்பது?

அவளைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய தோழி ஒருத்திக்கு அதே சென்னைக் கல்லூரி கிடைத்தது. எப்படி என்று தாரணி கேட்டாள். ஏதாவது ஒதுக்கீடாக இருக்கும் என்றேன். நம்பினாள். என் மின்னஞ்சலுக்கு வந்திருந்த பட்டியலை அன்றே அழித்தேன். அவள் எழுதிக் கொடுத்த தாளை அடுப்பில் போட்டேன். அதன்பிறகு அவள் கைப்பேசியை எடுக்கும்போதெல்லாம் என் கண் அவள் விரலிலேயே இருக்கும். இப்போது பார்த்துவிடுவாள்... இப்போது கேட்டுவிடுவாள்...

நேற்று அண்ணன் அவளை அழைத்துவந்தார். விடுதியில் சேர்க்கும்முன் நான் புத்தி சொல்ல வேண்டுமாம். "நாங்க சொன்னா கேக்கமாட்டா. நீதான் நாலு நல்லது சொல்லோணும்" என்றார்.

சொன்னேன். காலைச் சாப்பாட்டைத் தவறவிடாதே என்றேன். விடுதியில் யாருடனும் சட்டென்று சண்டை போடாதே, உடம்பு சரியில்லையென்றால் மறைக்காதே என்றேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூச்சப்படாதே என்றும் சொன்னேன்... நான்! அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். யாரையும் நம்பி உன் காரியத்தை ஒப்படைக்காதே என்ற ஒன்றை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

அண்ணன் வெளியே போனதும் ஒன்று கேட்கலாமா என்றாள். தெரிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

"சென்னைக்கே மார்க்குப் பத்தாதவளுக்கு இந்தப் படிப்பு வருங்களா அத்தை? பேசாம வேற ஏதாச்சும் லேசாப் படிச்சிருக்கலாமோன்னு இருக்குதுங்க."

எப்படிப்பட்ட பிள்ளை அது! ராத்திரி பகலாகப் படித்து வாங்கிய மதிப்பெண் அது. உனக்கு மார்க்குப் பத்துச்சு சாமி, நான்தான் கெடுத்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தலை நிமிர்ந்திருக்கும். என்னை வெறுத்திருப்பாள். வெறுக்கட்டுமே! ஆனால் என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"இனிமேலாச்சும் நல்லாப் படி. வரும்."

"செரிங்க அத்தை" என்றாள்.

இன்று காலை சேலம் போய்விட்டாள். இத்தனை நாள் அவள் கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயந்தேன். இப்போது அவள் கண்டுபிடிக்காமலே போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது.