மச்சான் பிடித்த கயிறு

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் தாராளமாகச் சிரிக்கலாம். பேய், ஆவி, முனி வகையறாக்களை நம்பாதவன் என்று மட்டும் சொன்னால் என்னைக் குறைத்துச் சொன்னதாகும். அவற்றை நம்புகிறவர்களைக் கிண்டலடித்தே ஏழெட்டு வருஷம் பத்திரிகையில் எழுதியவன். படித்துவிட்டு இசக்கியம்மன் பெயரைச் சொல்லிச் சாபம் விட்டு இரண்டு கடிதங்கள் வந்தன. ஒரு தும்மல்கூட வரவில்லை. பிழைப்புக்குத் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் காகிதம் பார்க்கிறேன். கண்டெய்னருக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே கையெழுத்துப் போடுகிற மனுஷன், கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று சொல்லலாமா என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்விதான்.

ஆகையால் நீங்கள் நம்பாவிட்டால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தால் இதற்குள் எழுந்து டீ சொல்லப் போயிருப்பேன்.

இந்தச் சித்திரையில் நடந்தது. பட்டப்பகல், சாயங்காலம் நாலு மணி, வெயில் மண்டையைப் பிளக்கிற நேரம். இருட்டின் மேல் பழியைப் போட வழியில்லை.

திருச்செந்தூர் சாலையில், கடலை ஒட்டி, அந்தக்கால வாழ்க்கையை அப்படியே நடத்திக் காட்டுகிறோம் என்று ஒரு கிராமத்தை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். பனை பாளை விடும் மாதங்களில் போனால் உடன்குடிக்காரர்கள் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுவார்கள். மழை விட்டபிறகு போனால் உப்பு வாரலாம். பங்குனி, சித்திரையில் கடல் அடங்கிக் கிடக்கும்போது முத்துக்குளிப்பு. எல்லோரும் நானூறு வருஷத்துக்கு முந்தைய உடுப்பில் திரிவார்கள். வாசலில் ஒரு போர்த்துக்கீசியச் சிப்பாய், வெல்வெட் கோட்டுக்குள் வெந்துகொண்டே எங்கள் டிக்கெட்டைக் கிழித்தான். பீரங்கிக்குப் பின்னால் அவனுடைய டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

நான் கூட்டிப்போனது என் தங்கை செல்வியின் வீட்டுக்காரரை. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷர், நல்ல தொந்தி, போன கார்த்திகையில் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தது. மாடி ஏறினால் நின்று நின்று ஏறணும், கனம் தூக்கக்கூடாது, மூச்சை அடக்குகிற எந்த வேலையும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆறு மாதமாக வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் போய்வந்து மனுஷர் சுருங்கிப்போய்விட்டார் என்றுதான் ஒரு நாள் வெளியே கூட்டிப்போகும்படி செல்வியே கேட்டாள். பிள்ளைக்குப் பரீட்சை, அவளால் வர முடியவில்லை. கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணே, அவுக தண்ணியக் கண்டா சின்னப் புள்ளயாயிருவாக. எறங்க விட்டுராத. ஒன்னய நம்பித்தான் அனுப்புதேன்."

தாமிரபரணியில் வெள்ளம் போகும்போது அக்கரைக்கு நீந்தி, அந்த ஈரத்தோடே பெண் பார்க்க வந்தவர் மாப்பிள்ளை. அந்தக் கதையை வருஷத்துக்கு நாலு தடவை கேட்டிருக்கிறேன். ஆகவே அவள் பயத்தில் அர்த்தம் இருந்தது. நான் பார்த்துக்கிடுதேன் என்று சொன்னேன். சொல்வதில் நான் கெட்டிக்காரன்.

முத்துக்குளிப்புக்கென்று அங்கே கிணறு மாதிரி வட்டமாக ஒரு சிமெண்ட் தொட்டி கட்டி, கடல் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றியிருந்தார்கள். இரண்டு ஆள் ஆழம். அடியில் சிதறிக் கிடக்கும் சிப்பிகளை மேலே நின்றே பார்க்கலாம். கழுவிக் காயப்போட்ட வெறும் ஓடுகள், உள்ளே பிளாஸ்டிக் முத்து ஒட்டியிருக்கும். ஒரு பக்கம் தோணியின் விளிம்பு மாதிரிப் பலகை போட்டிருந்தது, எதிர்ப்பக்கம் ஏறி வர இரும்பு ஏணி. பொறுப்பாளர் அந்தோணி என்று ஐம்பது வயசுக்காரர். நிஜத்தில் சங்கு குளிக்கிறவர், கடலுக்குப் போகாத நாட்களில் இங்கே வருகிறார். மனுஷர் உடம்பில் எலும்பும் நரம்பும்தான், கொழுப்பு என்று ஒன்றைக் கர்த்தர் அவருக்கு ஒதுக்கவே இல்லை.

குளிக்கிறவன் காலில் கல் ஒன்று, இடுப்பில் கயிறு ஒன்று. கல் அவனைக் கீழே கொண்டுபோகும். மூச்சு முட்டும்போது அவன் கயிற்றை மூன்று தடவை சுண்டி இழுப்பான், மேலே இருக்கிறவன் அவனைத் தூக்கிவிட வேண்டும். இதை விளக்கிவிட்டு அந்தோணி சொன்னார்.

"அந்தக் காலத்துல கயித்த யார் கையிலயும் குடுக்க மாட்டாங்க அண்ணாச்சி. அப்பன் கையில இல்ல, அண்ணன் தம்பி கையில இல்ல. பொண்டாட்டிகூடப் பொறந்தவன் கையிலதான். அவன் விட்டா தாலி அறுக்குறது அவன் தங்கச்சில்லா."

இங்கே அப்படியெல்லாம் பார்ப்பதில்லை, வேலை செய்கிறவர்களில் யாராவது பிடிப்போம், நிஜமான மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து வந்து இத்தனை வருஷத்தில் ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் என் மாப்பிள்ளை சட்டைப் பித்தானைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார்.

நான் தடுத்தேன். தடுத்தேன் என்றால், "சும்மா இரும் வே" என்று இரண்டு தடவை சொன்னேன். "மச்சான் நீரு இருக்கீரு, எனக்கு என்ன வந்துரப் போவுது" என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒரு ஃபாரம் கொடுத்தார்கள். இதய நோய் உண்டா என்ற கேள்விக்கு மாப்பிள்ளை இல்லை என்று டிக் அடித்தார். கீழே சாட்சிக் கையெழுத்து என்னுடையது. பார்க்காமல் போட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, இந்த ஒரு காகிதத்தைப் பார்த்துத்தான் போட்டேன்.

கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது நைலான் கயிறு. பழசாகத் தெரியட்டும் என்று டீத் தண்ணீரில் ஊறப்போட்டிருக்கிறார்கள், அந்தோணியே சிரித்துக்கொண்டு சொன்னார். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், அந்தக் கணக்கில் எட்டுப் பாகம் இருந்தது. அந்தோணி தன் கையாலேயே ஒரு முனையை மாப்பிள்ளையின் தொந்தியைச் சுற்றி, முக்கால் பாகம் செலவழித்துக் கட்டினார், மறுமுனையை என் கையில் கொடுத்தார். மாப்பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு கல்லோடு இறங்கினார். தொட்டி ஆழத்துக்குப் போனதுபோக மிச்சக் கயிறு என் காலடியில் சும்மா கிடந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. செல்விதான் என்று பார்க்காமலே தெரிந்தது. இரண்டு கையிலும் கயிறு. அடித்து ஓய்ந்தது.

கல் இறங்கியதில் தண்ணீர் கலங்கிவிட்டது, ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் கயிறு சுண்டியது. ஒன்று, இரண்டு, மூன்று. இழுக்க ஆரம்பித்தேன்.

நல்ல கனம். மாப்பிள்ளையின் கனம் எனக்குத் தெரிந்ததுதான், அதனால் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. குனிந்து கயிற்றையே பார்த்தபடி கை மாற்றிக் கை மாற்றி இழுத்தேன். ஏதோ கைதட்டல் கேட்டது, எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வீறாப்பாக இழுத்தேன். இரண்டு பாகம் வந்தால் ஆள் தலை தெரிய வேண்டும். மூன்று வந்தது, நாலு வந்தது. என் காலடியில் கயிறு வளையம் வளையமாக விழுந்து முட்டிவரைக்கும் ஏறிக்கொண்டிருந்தது, ஆள் வரவில்லை. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, இழுக்க இழுக்கக் கயிறு கையில் வேறாகிக்கொண்டே வந்தது. நைலான் வழுவழுப்பு போய் நார் குத்தியது. தென்னைநார்க் கயிறு, தண்ணீரில் ஊறிப் பருத்தது, இடையிடையே பாசி, சொரசொரவென்று என்னவோ ஒட்டியிருந்தது. அழுகின சிப்பி நாற்றம் அடித்தது. அங்கேதான் சதையுள்ள சிப்பி ஒன்றுகூட இல்லையே. இவ்வளவும் தெரிந்தும் ஏன் நிறுத்தவில்லை என்றால், மறுமுனையில் செல்வியின் புருஷன். வேறு நினைப்பே இல்லை. மூச்சு அடங்கியிருக்குமோ, அவளுக்கு என்ன சொல்வேன், அது ஒன்றுதான் ஓடியது.

மறுபடியும் கயிறு சுண்டியது. மூன்று தடவை. முன்னைவிட அவசரமாக.

"யாரை இழுக்கீரு மச்சான்?"

மாப்பிள்ளை என் பின்னால் நின்றார். தோளில் துண்டு, உடம்பெல்லாம் ஈரம், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்து ஏணி வழியாக எப்போதோ ஏறிவிட்டிருக்கிறார். கைதட்டல் அவருக்கு. அந்தோணி அந்தப் பக்கம்தான் நின்று அவருக்குக் கைகொடுத்து ஏற்றிவிட்டிருக்கிறார்.

நான் அவரைப் பார்த்தேன். என் கையைப் பார்த்தேன். கயிறு விறைப்பாக நின்றது.

என் முகத்தில் என்ன இருந்ததோ, மாப்பிள்ளை சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து என் கைக்கு முன்னால் கயிற்றைத் தொட்டார். அந்த நேரம் அது சுண்டியது. அவர் கையும் சேர்ந்து ஆடியதைப் பார்த்தேன்.

"ஆள் இருக்கு மச்சான்" என்றார். "இழும்."

நான் விட்டேன்.

வழுக்கவில்லை. யாரும் பிடுங்கவில்லை. பத்து விரலையும் நானாகத்தான் விரித்தேன். மாப்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார், அவரைத் தாங்கத்தான் விட்டேன் என்று பிறகு பல தடவை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். வரிசை அப்படியில்லை. நான் விட்ட பிறகுதான் அவர் உட்கார்ந்தார்.

கனத்தோடு நிற்கிற கயிற்றை விட்டால் சரசரவென்று உள்ளே ஓட வேண்டும் அல்லவா? இது ஓடவில்லை. பலகையின் மேல் அப்படியே கிடந்தது, என் கால் விரலுக்கு ஒரு சாண் தள்ளி. எடுத்திருக்கலாம். மாப்பிள்ளை உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்து, எடும் என்று சைகை காட்டினார். நான் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பலகையில் கிடந்த கயிறு மெள்ள எழும்பி விழுந்தது, மூன்று தடவை. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் போக ஆரம்பித்தது. அவசரமே இல்லை. ஒவ்வொரு வளையமாக, விளிம்பில் தட்டித் தட்டி, கடைசி முனைவரைக்கும்.

சுற்றி வந்த அந்தோணி முதலில் என்னைத்தான் கேட்டார், என்ன அண்ணாச்சி கயித்த உள்ள போட்டுட்டீங்க என்று. அவர் வேட்டி காய்ந்து கிடந்ததை அப்போதுதான் கவனித்தேன். மாப்பிள்ளை தரையிலிருந்தே அவரிடம், கீழே வந்து என் முடிச்சை அவிழ்த்தது நீங்கள்தானே என்றார். அடியில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தபோது யாரோ இடுப்பைத் தொட்டு, நிதானமாக அவிழ்த்துக் கயிற்றை வாங்கிக்கொண்டார்களாம். சரி, நேரமாகிவிட்டது, மேலே போகச் சொல்கிறார் அந்தோணி என்று நினைத்துத் தானாக நீந்தி வந்திருக்கிறார்.

"நான் மேலல்லா நிக்கேன்" என்றார் அந்தோணி.

பிறகு அவர் இறங்கிப் பார்த்தார். தண்ணீர் தெளிந்துவிட்டிருந்தது. ஓடுகள் கிடந்தன, கல் கிடந்தது, நைலான் கயிறு கிடந்தது. எட்டுப் பாகம், டீக் கலர். தென்னைநார் ஒரு இழைகூட இல்லை. என்னைப் பார்த்து யாராவது சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்துப் பிழைத்திருப்பேன். ஆனால் அந்தோணி கயிற்றின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் முடிச்சு இருந்தது. அவர் கட்டியது இல்லை, வேறு முடிச்சு. வளையத்தைத் தன் வயிற்றில் வைத்துப் பார்த்தார். எலும்பும் நரம்புமான அவருக்கே அது பற்றவில்லை. கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். காத்து நின்ற ஜனங்களிடம் மோட்டார் ரிப்பேர், இன்றைக்கு அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

மாப்பிள்ளைக்கு ஒன்றுமில்லை. மறுநாளே டாக்டரிடம் காட்டினோம், நெஞ்சு நன்றாக இருக்கிறது என்றார். ஆனால் அன்றைக்கு அங்கிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் உப்பளம் தாண்டும்போது மாப்பிள்ளை ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார்.

"விட்டுட்டீரே மச்சான்."

நான் கியரை மாற்றினேன். ஊர் முழுக்க எனக்குப் பேச்சாளி என்று பெயர்.

செல்விக்கு எதுவும் தெரியாது. அவள் புருஷனைத் தண்ணீரில் இறங்கவிடாமல் நான் பத்திரமாகக் கூட்டி வந்துவிட்டதாகச் சொந்தக்காரர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

வைகாசிக் கடைசியில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். முன்னறையில் ட்யூப் லைட் அவிந்திருந்தது. மாப்பிள்ளை ஏணியைச் சாத்திப் புது ட்யூபோடு இரண்டு படி ஏறியிருந்தார். இப்போது ஏறலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏணி ஆடியது. செல்வி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீ செத்தப் புடி" என்றாள். அவரிடம், "பயப்படாம ஏறுங்க, அண்ணன் புடிக்கான்லா" என்றாள்.

நான் போய்ப் பிடித்தேன். மாப்பிள்ளை குனிந்து பார்த்தார். முகத்தை இல்லை, என் கைகளை. பிறகு இறங்கி, ட்யூபை மூலையில் சாத்தி வைத்துவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கிடலாம் என்றார்.

அந்த ட்யூப் இன்னும் மூலையில்தான் நிற்கிறது. இடையில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடலாமே என்று செல்வி கேட்டிருக்கிறாள், வேண்டாம் என்றிருக்கிறார். நான் போகிற சாயங்காலங்களில் அடுக்களையிலிருந்து வருகிற வெளிச்சத்தில்தான் மூன்று பேரும் உட்கார்ந்து காப்பி குடிக்கிறோம். அந்த அரை இருட்டில் மாப்பிள்ளை அவ்வப்போது என் கைகளைப் பார்க்கிறார். நானும்தான்.